சாம்பலில் ஆறவிடாத கம்பி

அண்ணா, இதை யாரிடமும் காட்டாதீர்கள். உங்களோடு ஒரே கொட்டகையில் படுத்துக்கொள்கிறவர்களிடமும் காட்ட வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிக்க மனம் வராவிட்டால் இடுப்பிலேயே செருகி வைத்துக்கொள்ளுங்கள். என் கட்டுரை நோட்டின் நடுத்தாள்களைப் பிரித்து எடுத்து இதை எழுதுகிறேன். தாள் குறைவதை டீச்சர் கண்டுபிடித்தால் ஏதாவது சொல்லிக்கொள்வேன். அப்பா கண்டுபிடித்தால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் போன மறுநாளே அவர் சொல்லிவிட்டார்: "அவனுக்குக் கடுதாசி எழுதற கைக்கு இந்த ஊட்டுல பள்ளிக்கூடம் கெடையாது." நான் இப்போது ஒன்பதாவது படிக்கிறேன். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு வந்த கொத்தனார் ரங்கன் நாளைக் காலை ரயிலுக்கு மெட்ராஸ் திரும்புகிறார். நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதத்தை முந்தாநாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வைத்து என்னிடம் கொடுத்தார். அம்மாவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். இன்று அப்பா ராத்திரிக் காவலுக்குக் கிளம்பிப் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு, "நோட்ட எடு" என்றாள். அப்பா விடிந்துதான் வருவார். இனி அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் பேச்சை எனக்குத் தெரிந்த எழுத்துத் தமிழில் மாற்றிக்கொள்கிறேன். இந்த இடத்திலிருந்து 'நான்' என்றால் அம்மா.

கண்ணு, உன் கடிதத்தைக் கேட்டேன். நீ மெட்ராஸில் இருக்கிறாய், உடம்புக்கு ஒன்றும் இல்லை, துறைமுகத்துப் பக்கம் ஒரு கட்டடத்தில் மணல் சலிக்கிறாய் என்பது வரைக்கும் கேட்டபோது எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மாதக் கடைசியில் அந்தமானுக்குக் கப்பல் ஏறப்போகிறாய், அங்கே காடு வெட்டுகிற வேலை என்று எழுதியிருக்கிறாய். போவது உன் இஷ்டம். நானும் உன் அப்பாவும் அந்தியூரிலிருந்து ஒரு கோணிப்பைப் பாத்திரத்தோடு வேலை தேடி வந்தவர்கள்தான், தூரமாகப் போகாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கிறாயே, "என் கையில் கட்டு நிற்காது, அப்பாவின் விரலை எடுத்த கை இது, இனிமேல் கம்பியைத் தொட மாட்டேன், என்னை எதிர்பார்க்க வேண்டாம்" என்று, அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். அப்பாவின் விரலை எடுத்தது உன் கை இல்லை. எது எடுத்தது என்று எனக்குத் தெரியும். வருகிற சித்திரை வந்தால் மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமும் எனக்குத் தெரியும். நீ கப்பல் ஏறுவதற்குள் உனக்கும் தெரிய வேண்டும்.

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பவானிசாகர் அணை கட்டும்போது நீ கைக்குழந்தை. நான் கான்கிரீட் சட்டி தூக்கினேன், உன் அப்பா கம்பி கட்டுகிறவர்களுக்கு எடுபிடியாக நின்று தொழிலைக் கற்றுக்கொண்டார். கட்டடத்தில் பாரம் தாங்குவது பெரிய கம்பி. அந்தக் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகிற ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய கட்டுக்கம்பியை இரண்டாக மடித்துச் சுற்றி, கொக்கியை விட்டு முறுக்குவதுதான் அவர் வேலை. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. அணையில் ஒரு ஓவர்சியர் அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் நான் சட்டியோடு போகும்போது, "ஏப்பா, உன்ற பொண்டாட்டிக்குத் தாலி கட்டுனதும் கட்டுக்கம்பிலதானாமா?" என்றார். உன் அப்பா தலையை நிமிர்த்தாமல், "ஆமாங். ரெண்டே முறுக்குத்தானுங். இன்னிக்கு வரைக்கும் அவுருல பாருங்" என்றார். ஓவர்சியர் சிரித்த சிரிப்பில் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அன்று முழுக்கச் சட்டி கனக்கவில்லை.

துடியலூருக்கு வந்து அவர் மேஸ்திரி ஆன பிறகு நம் வீட்டில் கட்டுக்கம்பி இல்லாத பொருள் எது என்று உனக்கே தெரியும். வாளியின் கைப்பிடி, குடையின் எலும்பு, கட்டில் கால், கோழிக்கூடை, துணி காயப்போடுகிற கொடி, உன் தங்கையின் பெட்டிப் பூட்டு. இப்போது அவள் முன்னால் எரிகிற சிம்னி விளக்கின் வளையமும் அதுதான். பக்கத்து வீட்டுக்காரி, "உங்கூட்ல கஞ்சி ஒழுகுனாலும் கம்பி போட்டுக் கட்டிருவீங்களாட்ட இருக்குது" என்பாள். வேலை நடக்கிற இடத்தில் மிஞ்சுகிற துண்டுகளை நான்தான் பொறுக்கிக்கொண்டு வருவேன். கம்பியைச் சுருளிலிருந்து ஒரு முழத்துக்கு வெட்டி, மடித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டிக் கொடுப்பதும் நான்தான். அந்த வேலையில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதையும் எழுதிவிடு என்று சொல்கிறேன், ஏனென்றால் அந்த நினைப்பும் இதில் ஒரு பங்கு.

மேட்டுப்பாளையம் ரோட்டில் அந்த மில்லின் பஞ்சு குடோன் வேலை வந்தபோது உனக்கு வயது பத்தொன்பது. குடோன் வாசலுக்கு மேல் லாரி நனையாமல் நிற்பதற்காக அகலமாக ஒரு சன்ஷேடு கேட்டிருந்தார்கள். அதை உன் பொறுப்பில் விட்டுவிடலாம் என்று உன் அப்பா முடிவு செய்தார். நீ தனியாகக் கட்டப்போகிற முதல் வேலை. அவர் உன்னிடம் பெருமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கொல்லன் பட்டறைக்குப் போய் உனக்கென்று ஒரு கொக்கி அடித்து வாங்கிவந்தார். உன் கை சின்னது என்று பிடியை மெல்லிசாகப் போடச் சொல்லியிருந்தார். அதை உன் முன்னால் வைத்துவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "சன்ஷேடுக்கு முட்டுச் சுவர் கெடையாது, அந்தரத்துல நிக்கோணும். அதனால கம்பி மேல் பக்கமா இருக்கோணும். கான்கிரீட்டு இறுகுற வரைக்கும் அது கீழ எறங்கக் கூடாது. எறங்காமப் புடிச்சிருக்கறது உன்ற கட்டுத்தான்."

அந்தச் சமயத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு. பெரிய கம்பியை மில்காரர்கள் பர்மிட்டில் வாங்கிப் போட்டுவிட்டார்கள், கட்டுக்கம்பி எந்தக் கடையிலும் இல்லை. நம்மிடம் மிச்சம் இருந்ததை வாசல் உத்தரத்துக்கு உன் அப்பா எடுத்துக்கொண்டார். கோட்டைமேட்டு இரும்புக் கடைக்கு அவரோடு நானும் போயிருந்தேன். கடைக்கார பாய் உள்ளேயிருந்து பழைய வேலிக் கம்பி ஒரு சுருளைத் தூக்கிவந்து போட்டார். "மேஸ்திரி, இது வெறப்பு. இப்படியே முறுக்குனா நிக்காது. வறட்டி மூட்டம் போட்டுச் சுட்டு, அந்தச் சாம்பல்லயே விட்டுருங்க. விடிஞ்சு எடுத்தா வாழ நார் மாதிரி வளையும். அவசரப்படாதீங்க, அதுதான் முக்கியம்" என்றார். அவர் சரியாகத்தான் சொன்னார். உன் அப்பா வீட்டுக்கு வந்து அதையே என்னிடம் மறுபடியும் சொன்னார். "சாம்பல்லயே கெடக்கட்டும், புள்ள. வெடிஞ்சு எடுத்து வெட்டி வெய்யி, வண்டிக்காரரு வந்து வாங்கிக்குவாரு." நீங்கள் இருவரும் பலகை அடைக்கிற வேலைக்காகக் குடோனிலேயே படுத்துக்கொள்ளப் போய்விட்டீர்கள்.

மறுநாள் அவிநாசியில் தேர். பக்கத்து வீட்டுக்காரியும் இன்னும் நாலு பேரும் முதல் பஸ்ஸுக்குப் போகிறோம் என்றார்கள், நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் தேர் பார்த்ததில்லை. கம்பி விடியும்வரை சாம்பலில் கிடந்தால் அதை வெட்டுவது யார், மடிப்பது யார், கட்டிக் கொடுப்பது யார்? நான் போக முடியாது. சாயங்காலம் ஏழு மணி இருக்கும், மூட்டத்தைக் கிளறிப் பார்த்தேன். சுருள் செக்கச் செவேலென்று இருந்தது. வெந்துவிட்டது, இனி ஆறினால் போதும், எதில் ஆறினால் என்ன என்று நினைத்தேன். கடப்பாறையால் வெளியே இழுத்துப் போட்டு இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினேன். அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றினேன். சுர்ரென்று ஆவி எழுந்து, ஒரு நிமிஷத்தில் கையால் தொடுகிற அளவுக்கு ஆறிவிட்டது. கல்லில் வைத்து உளியால் வெட்டினேன். வழக்கத்தைவிடச் சுலபமாக வெட்டுப்பட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ராத்திரிக்குள் அத்தனையும் மடித்துக் கட்டி, காலையில் வருகிற வண்டிக்காரருக்காக வாசலில் வைத்துவிட்டு முதல் பஸ்ஸுக்குப் போனேன். தேர் பார்த்தேன். வடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். உனக்காகத்தான் கும்பிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து கை கழுவும்போது என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "அம்மா, இந்தக் கம்பி ஒரு மாதிரியா இருக்குதுங். பத்துல ஒண்ணு முறுக்குறப்பவே அந்துபோகுதுங்" என்றாய். நான் அவிநாசியில் வாங்கின பொரியை முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தேன். "நீ முறுக்கற மொறைப்பு அப்படி. கம்பி என்ன பண்ணும்?" என்றேன். நீ சிரித்துவிட்டாய். உன் அப்பா வாசலிலிருந்தே, "ரெண்டு முறுக்கோட நிறுத்திப் போடோணும். மூணாவது முறுக்கு கம்பிய அறுக்கும்" என்றார். உன் கை முரடு என்ற பேச்சு இந்த வீட்டில் முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது. மற்றவர்கள் பிறகுதான் சொன்னார்கள். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அதில் ஒன்று வந்து இது ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொன்னால், கையில் இருக்கிற முறத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்கே காட்டு என்று கேள். எனக்குத் தெரிந்து ஒரு தாய் தகப்பனுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரிய வேண்டாம்.

(அண்ணா, இது நான். வெளியே யாரோ இருமிக்கொண்டே போனார்கள். அம்மா சொல்லி விளக்கை ஊதிவிட்டேன். இருட்டில் வெகுநேரம் இருந்தோம். மில்லில் இரண்டாவது ஷிப்டு விட்டுப் போகிறவர்கள்போல் இருக்கிறது. மறுபடியும் ஏற்றியிருக்கிறேன்.)

கான்கிரீட் போட்ட அன்று நீ எப்படிக் கத்தினாய் என்பதும் ஞாபகம் இருக்கிறது. "கம்பி மேல மிதிக்காதீங்க, பலக மேல நடங்க" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாய். பலகை ஒன்றுதான் இருந்தது. சட்டி தூக்குகிற பெண்கள் பதினைந்து பேர். ஒருத்தி, "அப்ப எங்களுக்கு றெக்க கட்டி உடு சாமி" என்றாள். போடுவதற்கு முந்தின நாள் உன் அப்பா ஏறி நின்று உன் கட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்திருந்தார், அசையவில்லை. அதனால் அவர் கீழே சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அன்று சட்டி தூக்கினேன். நாலாவது நடையோ ஐந்தாவது நடையோ, என் காலுக்கடியில் சுள்ளி ஒடிந்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. பலகை என்று நினைத்தேன். அடுத்த நடையிலும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவள் இடித்துவிடுவாள் என்று நடந்தேன். மேலே நிற்க வேண்டிய கம்பி எங்கள் காலுக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் கான்கிரீட்டைக் கொட்டி மூடியதும் நாங்கள்தான்.

சன்ஷேடுக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக் கட்டைகளைப் பிரித்த நாள் நடந்தது உனக்குத் தெரியும். கடைசிக் கட்டையை உன் அப்பா யாரையும் தொட விடமாட்டார், அவரேதான் தட்டி எடுப்பார். ஈரத்துணியை உதறினாற்போல் ஒரு சத்தம், சன்ஷேடு மொத்தமாக விழுந்தது. அவர் உடம்பு வெளியே வந்துவிட்டது, வலது கை வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது குடோனில் நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். சூப்பர்வைசர் விழுந்த துண்டைச் சுத்தியால் உடைத்து, "மேல இருக்க வேண்டிய கம்பி அடில கெடக்குது பாருங்க. கட்டு ஒண்ணுகூட நிக்கல. ஆரு கட்டுனது?" என்று கேட்டாராம். நீ, "நானுங்" என்றாயாம். அதைச் சொன்னவர், "மேஸ்திரி மகன் ஓடி ஒளியல, அதச் சொல்லோணும்" என்றார். எனக்கு அப்போதே தண்ணீர் ஊற்றிய ஞாபகம் வந்துவிட்டது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோராம் நாள் அவர் கைக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். அவரைப் பார்க்க ஆட்கள் வாசல் நிறைய வந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் உன்னைக் கூப்பிட்டு, "எத்தன முறுக்கு போட்ட?" என்று கேட்டார். "ரெண்டுதானுங்கப்பா." "ரெண்டு முறுக்கு போட்ட கட்டு எங்கடா போச்சு?" "கம்பி அந்துபோச்சுங். நானு அன்னிக்கே சொன்னேனுங். அம்மாகிட்டக் கேளுங்." அப்போது நீ என்னைப் பார்த்தாய். கண்ணு, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தண்ணி ஊத்திப்போட்டேன் என்று சொன்னால் போதும், விஷயம் தெரிந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள், ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார்கள். நான் அவர் கைக்கட்டைப் பார்த்தேன். ரத்தம் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. "எனக்கென்னடா தெரியும்? கட்டுனவன் நீ" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார்: "உன்ற கைல கட்டு நிக்காதுடா. இனிமேலு கம்பியத் தொடாத." நீ இடுப்பிலிருந்து கொக்கியை உருவி அவர் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனாய். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவாய் என்று உனக்குச் சோறு எடுத்து வைத்திருந்தேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்துக் கோழிக்கூடையின் மூடி பிய்ந்துபோயிருந்தது. அதே சுருளில் மிச்சம் இருந்த துண்டை எடுத்துக் கட்டினேன். கூடையை நகர்த்தும்போது தெரியாமல் அதன் மேல் கால் வைத்தேன். அதே சத்தம். குனிந்து பார்த்தால் கம்பி காய்ந்த குச்சிபோல் ஒடிந்து கிடந்தது. இன்னொன்றை எடுத்து வளைத்தேன், ஒடிந்தது. மூன்றாவதும் ஒடிந்தது. நல்ல கட்டுக்கம்பி அப்படி ஒடியாது. பத்துத் தரம் மடக்கி நிமிர்த்தினால்தான் அறும். பழுத்த கம்பியில் தண்ணீரை ஊற்றி அதை இப்படி ஆக்கியது நான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் தங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "என்னாச்சும்மா?" என்று கேட்டாள். தலைசுற்றல் என்றேன். மிச்சத் துண்டுகளைச் சாக்கில் சுற்றி, அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். தூக்கி எறிய எத்தனையோ தரம் எடுத்தேன், எறியவில்லை. அதை எறிந்துவிட்டால் பிறகு நானே நம்ப மாட்டேன் என்று தோன்றியது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அவர் அடிப்பார் என்று பயந்து இல்லை. உன் அப்பா என்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. முதலில் அந்தப் புண் ஆறட்டும் என்று நினைத்தேன். புண் ஆறியது. அவர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இதையும் சொல்வதா என்று நினைத்தேன். பிறகு ஒரு புதுக் கட்டடத்தில் ராத்திரிக் காவல் கிடைத்தது. தான் கட்ட முடியாத கம்பிக்கும் சிமெண்டுக்கும் அவர் காவல் இருக்கிறார். அப்போதும் சொல்லவில்லை. உண்மையான காரணம் வேறு. உன்மேல் கோபம் இருக்கிறவரைக்கும் அவர் அந்தக் கையைத் தாங்கிக்கொள்கிறார். மகனை வீணாக விரட்டிவிட்டோம் என்று தெரிந்தால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பாரத்தை உன்மேல் வைத்துவிட்டேன். நீ தூரத்தில் இருந்தாய், நீ சுமப்பது என் கண்ணில் படவில்லை. உன் கடிதத்தில் அந்த வரியைக் கேட்ட பிறகுதான் பட்டது.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அவர் உன் பேரை எடுப்பதில்லை, எங்களையும் எடுக்க விடுவதில்லை. ஆனால் இடுப்பில் எந்நேரமும் ஒரு கொக்கி இருக்கிறது. காவல்காரருக்குக் கொக்கி எதற்கு என்று கேட்டவர்களுக்கு, நாய் விரட்ட என்று சொல்கிறார். அவருடைய பழைய கொக்கியின் பிடி தடிமன், மூன்று விரலுக்கு அது நிற்காது. இடுப்பில் இருப்பது நீ வைத்துவிட்டுப் போனது. ஒரு நாள் நான் விறகு எடுக்கப் போனபோது, கொல்லைப்புறத்தில் இரண்டு கம்பித் துண்டைக் குறுக்கே வைத்து, கட்டைவிரலாலும் மற்ற இரண்டு விரலாலும் உன் கொக்கியைப் பிடித்து முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு அந்தச் சாக்கிலிருந்து ஒரு சாண் கம்பி வருகிறது. அதை வளைத்துப் பார். ஒடிந்தால், நீ கட்டியது இதை வைத்துத்தான் என்று தெரிந்துகொள். கடிதத்தைச் சுற்றி வேறொரு துண்டு கட்டியிருக்கும். அதுவும் அதே சுருள்தான். நேற்று ராத்திரி அடுப்பில் போட்டுப் பழுக்கவைத்து, சாம்பலால் மூடி, விடியும்வரை தொடாமல் இருந்தேன். ராத்திரி முழுக்கத் தூங்காமல் அதைக் கிளறாமல் இருந்ததுதான் நான் செய்த வேலை. காலையில் எடுத்தால் பாய் சொன்ன மாதிரியே வாழை நாராக வளைந்தது. அதில் இரண்டு முறுக்குப் போட்டுக் கட்டுவேன். நீ அவிழ்த்து, மறுபடி முறுக்கிப் பார். உன் கையில் நிற்கிறதா இல்லையா என்று நீயே பார்த்துக்கொள். அதற்குப் பிறகு கப்பல் ஏறுவதானால் ஏறு. அங்கேயும் ஒரு நாள் கட்டடம் கட்டுவார்கள். கம்பி கட்ட ஆள் கேட்டால், தெரியாது என்று மட்டும் சொல்லாதே.

கப்பல் ஏறாமல் இங்கே வருவதானால் அதை நான் கேட்கவில்லை, கேட்கிற இடத்தில் நான் இல்லை. என்னைப் பார்க்க உனக்குப் பிடிக்காமல் போனால் அதுவும் நியாயம்தான். உன் தங்கை அழுகிறாள், எழுத்து நனைகிறது, துடைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவுக்கு நான்தான் சொல்ல வேண்டும், இன்னொருவர் வாயால் அவருக்குத் தெரியக் கூடாது. இந்தக் கடிதம் ரங்கன் கைக்குப் போன பிறகு, நல்ல நேரம் ஒன்று பார்த்துச் சொல்லலாம் என்று இருக்கிறேன். தை பிறந்தும் குளிர் விடவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன், அவருடைய கம்பளி ஆணியிலேயே தொங்குகிறது. வெற்றுத் துண்டோடு போயிருக்கிறார். அந்தக் கைக்குக் குளிர் ஆகாது, குத்துகிறது என்பார். நாளைக்கு அவர் வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, மெதுவாகப் பேச்சை எடுத்து

அண்ணா, கதவைத் தட்டுகிறார்கள். கையால் தட்டுகிற சத்தம் இல்லை, இரும்புச் சத்தம். உங்கள் கொக்கி. "அம்மணி, கதவத் தொற. கம்பளிய மறந்துபோட்டுப் போயிட்டேன்" என்கிறார் அப்பா. நான் விளக்கை ஊதக் குனிந்தேன். அம்மா வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டாள். தாள்களை நோட்டுக்குள் செருகினேன். அம்மா அவற்றைத் திரும்ப வெளியே எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, "இங்கயே கெடக்கட்டும் கண்ணு. ஆரு கேட்டாலும் நாந்தான் எழுதச் சொன்னேன்னு சொல்லு" என்கிறாள். மடியிலிருந்த ஒடிகிற கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள்.